அக்கரை தெரியாத தண்ணீர்
சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து இலட்சத் தீவுகளுக்கு ஒரு கப்பல் பயணம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பிறந்து வளர்ந்த நமக்குத் தண்ணீர் என்றால் காவிரிதான். மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டுவிட்டது என்று செய்தி வந்தால், குடும்பத்தோடு புறப்பட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். பரமத்தி வேலூரிலும் மோகனூரிலும் ஆற்றங்கரைக்குச் சென்று கால் நனைப்போம். பரிசலில் ஒருமுறை ஏறி இறங்கியவர் அதை வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பார். கிழக்கே கடலூர்க் கரைக்குச் செல்வதானாலும் சேலத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சரக்கு லாரிக்குக் கூண்டு கட்டவும், கோழிப்பண்ணை நடத்தவும், மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசியாக்கவும் அறிந்த இந்த மண்ணின் மக்களுக்குக் கப்பல் ஏறும் வழி தெரியாமல் போனதில் வியப்பில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் கப்பலைப் பற்றிய பேச்சு எப்போதும் உண்டு. என் தாயாரின் தந்தை, எங்கள் நன்னா, 1957ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர். அப்போது என் தாயாருக்கு வயது ஏழு. சேலம் ஜங்ஷனில் நன்னாவை வழியனுப்பக் கூடிய கூட்டமும், அவர் சுமந்து சென்ற தகரப் பெட்டியும், அதில் இருந்த அரிசி, பருப்பு, எலுமிச்சை ஊறுகாயும் அம்மாவுக்கு இன்றும் நினைவில் நிற்கின்றன. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஒரு வாரத்துக்கும் மேலான கடற்பயணம் அது. திரும்பி வந்த நன்னாவிடம் மகள் கேட்ட முதல் கேள்வி, கடல் எப்படி இருக்கும் என்பதே. "அக்கரை தெரியாத தண்ணீர், அவ்வளவுதான்" என்றாராம் நன்னா.

அந்தச் சொல் அம்மாவின் மனத்தில் தைத்துவிட்டது. திருமணமான புதிதில் என் அத்தா அவரை மேட்டூர் அணைக்கு அழைத்துச் சென்றபோது, "இது கடல் மாதிரி இல்லையே, அக்கரை தெரிகிறதே!" என்று சொன்னதாகக் குடும்பத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. பிறகு பிள்ளைகள், அத்தாவின் நோய், அவருடைய மவுத்து என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. மும்பை - ஜித்தா ஹஜ் கப்பல் போக்குவரத்தும் 1995இல் முடிவுக்கு வந்துவிட்டது. அதனை மீண்டும் தொடங்கப்போவதாக 2018இல் அறிவிப்பு வந்தது. ஆனாலும் நம் ஹாஜிகள் விமானத்தில்தான் பறந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே அம்மாவைக் கப்பலில் அழைத்துச் செல்ல வேறு வழி தேடினேன். அந்தத் தேடலில் ஒருமுறை தோற்று, மறுமுறை அல்லாஹ்வின் கிருபையால் வென்றேன். அந்த அனுபவத்தை வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தக் கப்பல்?

கப்பல் பயணம் என்றவுடன் பணக்காரர்களின் உல்லாசக் கப்பல்தான் பலருக்கும் நினைவு வரும். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் 2022 ஜூன் மாதத்தில் அப்படி ஒரு கப்பல் புறப்பட்டது. அத்தகைய கப்பல்களில் ஆட்டம், பாட்டம், மதுக்கூடம் எல்லாம் உண்டு. முதிய தாயையும் பெண் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லும் நம்மைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவராது, கட்டணமும் கட்டுப்படியாகாது.

சென்னையிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்குச் செல்லும் பயணிகள் கப்பல் உண்டு. ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் தூரம். ஏறத்தாழ மூன்று நாட்கள் கடலிலேயே இருக்க வேண்டும். முதல்முறை கடலேறும் முதியவர்களுக்கு அது அதிகம். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் ஒரு கப்பல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. அது சில மணி நேரப் பயணம், கடவுச்சீட்டு வேண்டும்.

நான் தேர்ந்தது இலட்சத் தீவுகளை. காரணம் மூன்று. முதலாவது, சேலத்திலிருந்து கொச்சி ஓரிரவு ரயில் தூரந்தான். இரண்டாவது, கொச்சியிலிருந்து தீவுகள் 220 முதல் 440 கிலோமீட்டர் வரையிலான தொலைவில் இருப்பதால், கப்பலில் ஓர் இரவு உறங்கி எழுந்தால் கரை வந்துவிடும். மூன்றாவது, அத்தீவுகளில் வாழ்வோர் பெரும்பாலும் நம் சமுதாயத்தவர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே மொத்தம் 64,473 பேர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் முஸ்லிம்கள். பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மதுவிலக்கு உண்டு. கப்பலிலும் தீவிலும் உணவு பற்றிய ஐயம் எழாது.

தீவுகளின் நிர்வாகத்தைச் சேர்ந்த சுற்றுலா அமைப்பு, ‘சமுத்திரம்’ என்ற பெயரில் ஐந்து நாள் பயணம் ஒன்றை நடத்தி வந்தது. இரவு முழுவதும் கப்பல் ஓடும். பகலில் ஒரு தீவுக்கு அருகே நிற்கும். பயணிகள் இறங்கிச் சுற்றிப் பார்த்து, தீவிலேயே மதிய உணவு உண்டு, மாலையில் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். கல்பேனி, மினிக்காய், கவரத்தி என்று மூன்று தீவுகள். ‘எம்.வி. கவரத்தி’ என்ற கப்பல் விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்டது. 700 பேர் பயணம் செய்யக்கூடியது. கப்பல்களும் நாட்களும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், புறப்பட எண்ணுபவர் அந்த ஆண்டின் அட்டவணையை நிர்வாகத்திடமே நேரடியாகக் கேட்டறிவது நலம்.

நான் செய்த பிழை

2018இல் முதல்முறை முயன்றேன். வடமொழி, ஆங்கிலப் படிவங்களைக் கண்டு மலைத்து, ஓர் இடைத்தரகரிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். பணத்தைப் பெற்றுக்கொண்ட அவர், "எல்லாம் ஏற்பாடாகிவிட்டது, நீங்கள் கொச்சிக்கு வந்து சேருங்கள்" என்றார். நானும் அம்மாவையும் மனைவியையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அங்கே போன பிறகுதான், எங்கள் பெயருக்கு நுழைவு அனுமதியே வாங்கப்படவில்லை என்பது தெரிந்தது. அம்மாவின் பெயர் ஓர் அட்டையில் ‘பீவி’ என்றும், மற்றோர் அட்டையில் ‘பீ’ என்றும் இருந்ததால் விண்ணப்பம் நின்றுவிட்டதாம். எங்களிடம் அதைச் சொல்லத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

கப்பல் கண்முன்னே நிற்கிறது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு பெட்டியின் மீது அமர்ந்திருக்கிறார். "விடு தம்பி, கப்பலைப் பார்த்தாயிற்று, அதுவே போதும்" என்றார். மதரஸாவில் பிள்ளைகளுக்கு எழுத்துப் பிழை திருத்தும் நான், என் தாயின் பெயரில் இருந்த ஓரெழுத்துப் பிழையைத் திருத்தாமல் விட்டேனே என்று அன்றிரவு ரயிலில் எனக்கு உறக்கம் வரவில்லை.

எனவே முதல் பாடம் இதுதான். இலட்சத் தீவுகள் நம் நாட்டின் பகுதியே என்றாலும், 1967ஆம் ஆண்டு விதிகளின்படி, அத்தீவுகளைச் சேராத எவரும் நுழைவு அனுமதி இல்லாமல் அங்கே கால்வைக்க முடியாது. பழங்குடியினராக அறிவிக்கப்பட்டுள்ள தீவு மக்களின் நிலத்தையும் வாழ்க்கையையும் காப்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே கப்பல் சீட்டுக்கு முன்னால் அனுமதியைப் பற்றியே சிந்திக்க வேண்டும்.

பதிவு செய்யும் முறை

இரண்டாம் முறை எல்லாவற்றையும் நானே செய்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: குடும்பத்தில் ஒவ்வொருவரின் ஆதார், வாக்காளர் அட்டை இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நம் வீடுகளில் பீவி, பீ, பேகம், அம்மாள் என்று ஒரே பெண்ணுக்கு நான்கு பெயர்கள் இருக்கும். முகம்மது என்பதை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள். வேறுபாடு இருந்தால் முதலில் அதைத் திருத்திக்கொண்டு பிறகு மேலே செல்லுங்கள்.

இரண்டு: உங்கள் பகுதிக் காவல்துறையிடம் நற்சான்று பெற விண்ணப்பியுங்கள். எங்களுக்கு அது கைக்கு வர மூன்று வாரங்கள் ஆயின. ஆகவே பயணத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவது பாதுகாப்பு.

மூன்று: தொகுப்புப் பயணமானால் நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பிடமோ, அது அங்கீகரித்த முகவரிடமோ மட்டும் பதிவு செய்யுங்கள். பணம் கட்டியதற்கு ரசீதும், அனுமதியின் நகலும் கையில் கிடைக்கும்வரை ரயில் சீட்டு எடுக்க வேண்டாம். எவர் பேச்சையும் நம்பிப் புறப்பட வேண்டாம்.

நான்கு: காலம் பார்த்துச் செல்லுங்கள். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அரபிக்கடல் கொந்தளிக்கும். அப்போது சுற்றுலாப் பயணம் பொதுவாக நிறுத்தி வைக்கப்படும். டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும். ரமளானையும் பள்ளித் தேர்வுகளையும் கணக்கில் கொண்டால் நமக்கு ஜனவரியே வசதி.

ஐந்து: அறையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். இருவர் அறை, நால்வர் அறை, சாய்நாற்காலி வரிசை எனப் பல வகுப்புகள் உண்டு. பெண்களும் முதியவர்களும் இருந்தால் கதவுள்ள நால்வர் அறை சிறந்தது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு; முனைப்பகுதியிலும் மேல்தளத்திலும் அதிகம். படுக்கைகள் மேலும் கீழுமாக இருக்கும். கீழ்ப்படுக்கை முதியவருக்கு என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு: கப்பல் புறப்படும் நாளன்று காலையில் கொச்சியில் இறங்குவதுபோல் ரயில் சீட்டு எடுக்க வேண்டாம். ரயில் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது. ஒருநாள் முன்னதாகச் சென்றுவிடுங்கள். சேலத்திலிருந்து ஈரோடு, கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக எர்ணாகுளம் செல்லும் ரயில்கள் பல. சில, எர்ணாகுளம் ஜங்ஷனுக்குச் செல்லும். சில, டவுன் நிலையத்தில் நிற்கும். எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாமக்கல், திருச்செங்கோடு பகுதியினர் ஈரோட்டில் ஏறிக்கொள்ளலாம். கப்பல் புறப்படும் இடம் வெல்லிங்டன் தீவு. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி மனிதர்கள் உண்டாக்கிய தீவு அது. மேட்டூர் அணை எழும்பிய அதே காலத்தில்தான் அந்தத் தீவும் எழும்பியது.

எதை எடுத்துச் செல்வது?

நன்னா தகரப் பெட்டியைச் சுமந்து சென்றார். நாம் அப்படிச் செய்யக் கூடாது. கப்பலிலிருந்து தீவுக்குச் செல்லப் படகில் இறங்கி ஏற வேண்டும். இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும். ஆகவே முதுகில் மாட்டும் பை ஒன்றே ஆளுக்குப் போதும். பெரிய பையைக் கப்பல் அறையிலேயே வைத்துவிட்டுச் செல்லலாம்.

அனுமதி, அடையாள அட்டையின் அசல், நகல்கள், புகைப்படங்கள் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத உறையில் வையுங்கள். பணத்தை ஓரளவு ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் கைப்பேசி ஊமையாகிவிடும். கொச்சியிலிருந்து கடலுக்கடியில் இழுத்த தகவல் கம்பி 2024 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்ட பிறகு தீவுகளில் தொடர்பு மேம்பட்டிருக்கிறது. இருந்தாலும், ஒரு நாள் பேச்சு வராவிட்டால் பதற வேண்டாம் என்று வீட்டில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அன்றாடம் உண்ணும் மருந்துகளை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில் வையுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தரையைத் தொடும் புர்காவும், அகன்ற ஓரங்களும், உயர்ந்த அடியுள்ள செருப்பும் படகு ஏறும்போது ஆபத்தானவை. கணுக்காலளவு நிற்கும் அங்கியும், உள்ளே கால்சட்டையும், வழுக்காத ரப்பர் செருப்பும் போதும். முந்தானையையும் துப்பட்டாவையும் ஊக்கு போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள்.

கடல் மயக்கத்துக்கு மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கி, கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே உட்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு அது பயன் தருவது அரிது. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. பிரியாணிக்கு அது நேரமில்லை, இட்லி போதும். தலை சுற்றினால் அறைக்குள் முடங்காமல் காற்றோட்டமான தளத்துக்கு வந்து, தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். அம்மா கொண்டுவந்திருந்த இஞ்சி மரப்பா எங்கள் அறைக்கு மட்டுமல்ல, பக்கத்து இரண்டு அறைகளுக்கும் பயன்பட்டது.

கடல் மேல் தொழுகை

2019 ஜனவரியில், இறுதியாக, கப்பலேறினோம். நூஹ் நபி அவர்கள் கப்பலேறியபோது ஓதிய துஆ, சூரா ஹூதில் உள்ளது. ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுக்கும் அந்த துஆவை அன்றுதான் அதற்குரிய இடத்தில் ஓதினேன்.

கப்பல் ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகளைக் கடந்து மேற்கு நோக்கித் திரும்பியது. நம் நாட்டின் தென்பகுதிக்குக் கிப்லா மேற்கே சற்று வடக்காக இருக்கிறது. கொச்சியிலிருந்து தீவுகளுக்குச் செல்லும் கப்பலின் முனையும் ஏறத்தாழ அத்திசையையே நோக்கியிருக்கும். ஆகையால் போகும்போது கப்பலின் முனையைப் பார்த்து நின்று, திசைகாட்டியால் சற்றுத் திருத்திக்கொண்டால் போதும். கப்பல் திரும்பினால் தொழுபவரும் திரும்பிக்கொள்ள வேண்டும். நிற்க முடியாமல் தலை சுற்றுவோர் உட்கார்ந்து தொழலாம். ஹனஃபி மத்ஹபினராகிய நாம் நான்கு ரக்அத் பர்ளுகளைப் பயணத்தில் இரண்டாகச் சுருக்கித் தொழுவோம். தீவு மக்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். அவர்களுடைய பள்ளியில் ஃபஜ்ரில் குனூத் ஓதுவார்கள். அதைக் கண்டு நம் பிள்ளைகள் திகைக்காதிருக்க முன்பே சொல்லி வையுங்கள். கப்பலில் நல்ல தண்ணீர் அளவோடுதான் இருக்கும். ஒளுவுக்குக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது எங்கும் தவறு, கப்பலில் பெருந்தவறு.

ஃபஜ்ருக்குப் பின் அம்மாவைக் கைப்பிடித்து மேல்தளத்துக்கு அழைத்து வந்தேன். பொழுது புலர்ந்தது. அவர் கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார், கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று நடந்து நான்கு திசையும் பார்த்தார். பிறகு, "நன்னா சொன்னது சரிதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அறுபத்திரண்டு ஆண்டுகளாக மனத்தில் இருந்த கேள்விக்கு அவருக்கு விடை கிடைத்துவிட்டது.

கல்பேனியில் இறங்காத அம்மா

பவளப் பாறைகள் சூழ்ந்த தீவுகள் இவை. பாறைக்கும் கரைக்கும் இடையில் ஆழமற்ற, பச்சை நிறமான நீர்ப்பரப்பு இருக்கும். பெரிய கப்பல் அதற்குள் நுழைய முடியாது. வெளியே ஆழ்கடலில் கப்பல் நிற்க, அதன் பக்கவாட்டுக் கதவருகே படகு வரும். அலை படகைத் தூக்கும், இறக்கும். படகு மேலே எழும்பும் நொடியில், மாலுமிகள் இருபுறமும் கையைப் பிடித்து நம்மை இறக்கிவிடுவார்கள். இளைஞர்களுக்கு அது விளையாட்டு. முழங்கால் தேய்ந்த முதியவர்களுக்கு அப்படியல்ல. பதிவு செய்யும்போது நான் எல்லாவற்றையும் கேட்டேன். இதை மட்டும் கேட்கவில்லை.

கல்பேனியில் அலை சற்று உயரமாக இருந்தது. அம்மா கதவு வரை வந்தார், கீழே பார்த்தார், பின்வாங்கினார். "பிடித்துக்கொள்கிறேன் அம்மா, வாருங்கள்" என்று நான் வற்புறுத்தினேன். மாலுமி ஒருவர் என்னைத் தடுத்து, மனம் ஒப்பாதவரை இறக்கக் கூடாது, பயந்த கால்தான் தவறும் என்றார். அது உண்மை. அம்மாவும் உறுதியாக, "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீங்கள் போய் வாருங்கள். நான் கடலைப் பார்க்கத்தான் வந்தேன், கரை நம் ஊரிலேயே இருக்கிறது" என்று சொல்லிவிட்டார்.

மனைவியையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு நான் அம்மாவோடு தங்கினேன். அந்தப் பகற்பொழுதில்தான் மினிக்காய்த் தீவைச் சேர்ந்த ஒரு பெண்மணியைச் சந்தித்தோம். எர்ணாகுளம் மருத்துவமனையில் கணவருக்குச் சிகிச்சை முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் சாய்நாற்காலி வகுப்பில் இருந்தார். கணவரை அங்கே உறங்க வைத்துவிட்டுக் காற்றாடத் தளத்துக்கு வந்திருந்தார். அவருடைய தாய்மொழி மஹல், மலையாளமும் பேசினார். அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

எங்களுக்கு இது உல்லாசப் பயணம். அவர்களுக்கு இதுதான் ஊர்ப் பேருந்து. நோய்வாய்ப்பட்டவரும், கல்லூரிப் பிள்ளைகளும், மளிகை வாங்கச் சென்றவரும் இதே கப்பலை நம்பியிருக்கிறார்கள். ஏதேனும் ஒரு கப்பல் பழுது பார்க்கப் போய்விட்டால், மற்றக் கப்பல்களில் இடம் கிடைக்காமல் கொச்சியில் நாட்கணக்கில் காத்துக்கிடக்க நேரும். சென்ற முறை சீட்டுக் கிடைக்கப் பதினோரு நாள் காத்திருந்ததாக அந்தப் பெண்மணி சொன்னார். குறைகூறும் தொனி அவர் பேச்சில் இல்லை. ஆனால் எனக்கு உறைத்தது. ஆகவே பயணம் செய்ய எண்ணும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சுற்றுலாப் பயணிகளுக்கென ஒதுக்கிய இடத்திலேயே பதிவு செய்யுங்கள். தெரிந்தவர் மூலம் தீவு மக்களுக்குரிய இடத்தைப் பெற்றுத் தருவதாக எவரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். நோயாளி ஒருவரின் படுக்கையில் உறங்கி நாம் உல்லாசம் தேடலாகாது.

மூன்று தீவுகள்

மாலையில் திரும்பிய பிள்ளைகள் கல்பேனியைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். 1847இல் வீசிய பெரும்புயல் ஒன்று பவளக் கற்களை அள்ளி வந்து அத்தீவின் கிழக்குக் கரையில் குவித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்தக் கல்மேடு இன்றும் அங்கே நிற்கிறது. இத்தீவுகளில் பெண்பிள்ளைகள் முதன்முதலில் பள்ளிக்கூடம் சென்றது கல்பேனியில்தான் என்ற பெருமையும் அவ்வூருக்கு உண்டு.

மறுநாள் மினிக்காய். அன்று கடல் கண்ணாடிபோல் கிடந்தது. அம்மா கதவருகே தயங்கி நின்றார். படகில் முன்னதாக இறங்கிவிட்ட அந்தப் பெண்மணி, கீழேயிருந்து இரு கைகளையும் நீட்டி ஏதோ சொன்னார். அம்மா இறங்கிவிட்டார்! மகன் பிடித்தும் இறங்காத கால், மொழி தெரியாத ஒரு சகோதரியின் கையை நம்பி இறங்கிவிட்டது.

மினிக்காய், மொழியாலும் பண்பாட்டாலும் மாலத்தீவுக்கு உறவானது. மஹல் மொழியின் தானா எழுத்து, அரபியைப் போல் வலமிருந்து இடமாக எழுதப்படுகிறது. ஊர் பல கிராமங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ‘போடுகாக்கா’ என்ற மூத்தவர் ஒருவரைத் தலைவராகக் கொண்டுள்ளது. 1885இல் கட்டப்பட்ட வெண்ணிறக் கலங்கரை விளக்கம் அங்கே உண்டு. உலகக் கப்பல்களில் மாலுமிகளாகப் பணிபுரியும் ஆண்கள் பலர்; ஊரின் காரியங்களில் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பெண்மணியின் வீட்டுக்கு ஐந்து நிமிடம் சென்றோம். அம்மா தன் பையிலிருந்து இராசிபுரத்து ஜவ்வரிசி வடகத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் காய்ந்த சூரை மீனான மாசியை ஓர் ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். அதைக் கொண்டு அம்மா வைத்த சம்பல் எங்கள் தெருவில் பல நாள் பேச்சாயிற்று.

மூன்றாம் நாள் தலைநகரான கவரத்தி. ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் உள்ள சிறு தீவு. உஜ்ரா பள்ளியின் மரக் கூரைச் சிற்ப வேலை கண்ணை விட்டு அகலாது. கடலில் மிதந்து வந்த மரத்தில் செதுக்கியது அது என்பது ஊர் வழக்கு. பிள்ளைகள் கண்ணாடி அடி வைத்த படகில் சென்று பவளத்தையும் வண்ண மீன்களையும் கண்டார்கள். பவளத்தை ஒடிப்பதும், எடுத்து வருவதும் சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கொண்டுசென்ற பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அவர்களுக்கு நிலம் கொஞ்சம். எல்லாத் தீவுகளும் சேர்ந்தே 32 சதுர கிலோமீட்டர்தான். குப்பை கொட்ட அங்கே இடமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீவில் நாம் விருந்தினர். வீட்டுப் பெண்களைக் கேளாமல் படம் எடுப்பதும், நீச்சல் உடையோடு ஊருக்குள் நடப்பதும் அவர்கள் மனத்தை வருத்தும். நம் ஊருக்கு வருபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் விரும்புவோமோ, அப்படியே நாமும் நடந்துகொள்வோம்.

புறப்படும் முன்

சுருக்கமாகச் சொல்வதானால், பெயரைச் சரிபாருங்கள், அனுமதியைக் கையில் பெறுங்கள், சுமையைக் குறையுங்கள், ஒரு நாள் முன்னதாகச் செல்லுங்கள். முதியவரை அழைத்துச் செல்வோர், எந்தத் தீவில் கப்பல் படித்துறையை அணையும், எங்கே படகில் இறங்க வேண்டியிருக்கும் என்பதை முதலில் கேளுங்கள். இறங்க முடியாது என்றாலும் அவர்களை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். கப்பல் தளத்தில் ஒரு நாற்காலியும், பேச ஒரு துணையும் இருந்தால் அவர்களுக்கு அதுவே பயணம். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற அவசரம் நமக்குத்தான்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் பேரப்பிள்ளைகள் அம்மாவை மேட்டூருக்கு அழைத்துச் சென்றார்கள். அணை நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்தது. "நன்னி, கடல் மாதிரி இருக்கிறதா?" என்று கேட்டானாம் சின்னவன். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்துவிட்டு, "இல்லை. ஆனால் இங்கே இறங்குவது சுலபம்" என்றாராம்.

மாசி வந்த ஓலைப்பெட்டி இன்றும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது. அம்மா அதில் பூண்டு போட்டு வைத்திருக்கிறார். அதைக் கொடுத்த சகோதரிக்கும் அவர் கணவருக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தருவானாக என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் துஆ செய்கிறார். நீங்களும் ஒருமுறை சென்று வாருங்கள், இன்ஷா அல்லாஹ்.